கண்ணீரும் தீர்ப்பும்: தொடர்நாடகப் பார்வையாளரின் அறநிலை பற்றி

இல்லாத ஒருவருக்காகக் கண்ணீர் விடுதல் மனிதச் செயல்களுள் விளக்குதற்கு அரிய ஒன்று. பசித்த குழந்தை தன் பசிக்காக அழுகின்றது. மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த தாய் தன் இழப்புக்காக அழுகின்றாள். இவற்றிற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆயின், பகல் முழுவதும் கருவாடு காயவைத்துவிட்டு மாலையில் தொலைக்காட்சிக்கு முன் அமரும் பெண்ணொருத்தி, சென்னையில் எங்கோ ஒரு படப்பிடிப்பு வீட்டில் மாமியாரால் வெளியே தள்ளப்படும் மருமகளைக் கண்டு முந்தானையால் கண்களைத் துடைக்கும்போது, அக்கண்ணீர் யாருக்கு உரியது? அம்மருமகள் பிறந்தவளும் அல்லள், இறக்கப்போகின்றவளும் அல்லள். காட்சி முடிந்ததும் தள்ளியவரும் தள்ளப்பட்டவரும் ஒருங்கிருந்து தேநீர் அருந்துவர் என்பது அழுபவளுக்கும் தெரியும்.

புத்தளம் மாவட்டக் கரையோரம் இவ்வினாவை எழுப்புதற்குப் பொருத்தமான இடம். சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் வழியாகக் கற்பிட்டிக் குடாநாடு வரை நீளும் இந்நிலத்தில், தமிழ் பேசும் இந்துக்களும் முஸ்லிம்களும், தமிழிலிருந்து சிங்களத்துக்குப் பெரிதும் மாறிவிட்ட கத்தோலிக்க மீனவரும் அயலவராக வாழ்கின்றனர். 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கியபின் சிங்களத் தொடர்நாடகம் வீடுகளுக்குள் வந்தது. டி. பி. நிஹால்சிங்க 1979இல் இயக்கிய 'திமுது முத்து' அவ்வடிவத்தை இந்நாட்டில் தொடக்கிவைத்தது. 1998இல் தோன்றிய சக்தி தொலைக்காட்சியும், கூரைகளில் முளைத்த செய்மதித் தட்டுகளும் பின்னர் சென்னைத் தொடர்களைக் கொணர்ந்தன. 'மெட்டி ஒலி' (2002–2005), 'கோலங்கள்' (2003–2009), அண்மையில் 'எதிர்நீச்சல்' (2022–2024) என்பவற்றின் மாந்தர் ஈழத்துத் தமிழ் வீடுகளில் உறவினர் போலவே பெயர் சொல்லிப் பேசப்பட்டனர். கூத்தையும் மேடை நாடகத்தையும் நுணுகி ஆராய்ந்த புலமையுலகம் இவற்றை ஏறெடுத்தும் பார்த்தது குறைவு. மக்கள் ஆண்டுக்கொரு முறை காண்பதை ஆராய்ந்து, நாள்தோறும் காண்பதை ஆராயாது விடுவது புலமையின் விசித்திரங்களுள் ஒன்று.

இப்புறக்கணிப்பின் அடியில் ஓர் இகழ்ச்சி உண்டு. தொடர்நாடகம் பார்ப்போர் கற்பனையையும் மெய்ம்மையையும் பிரித்தறியாதவர், பாத்திரத்தை மனிதராகவே கொண்டு மயங்குபவர் என்பது படித்தவர் பலரின் எண்ணம். இந்தியத் தூரதர்ஷன் 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஒளிபரப்பிய இராமாயணத் தொடர் இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகின்றது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு, ஊதுபத்தி ஏற்றி மக்கள் அதனைப் பார்த்தனர். அதில் சீதையாக நடித்த தீபிகா சிக்லியா 1991ஆம் ஆண்டுத் தேர்தலில் குஜராத்தின் பரோடாத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார். சீதைக்கே வாக்களித்துவிட்டனர் என்று நகைத்தல் எளிது. ஆயின் அதே தேர்தலில், அதே மாநிலத்தின் சபர்கந்தாத் தொகுதியில், அதே கட்சியின் சார்பில், இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் வெற்றிபெற்றார். சீதையையும் இராவணனையும் ஒருங்கே ஓர் அவைக்கு அனுப்பியவர்களை மயங்கியவர் என்பது எங்ஙனம் பொருந்தும்? அவர்கள் தமக்குப் பழகிய முகங்களுக்கு வாக்களித்தனர். அது வேறு வகையான குறையாக இருக்கலாம், மயக்கம் அன்று.

இதனினும் தெளிவான சான்றொன்று அண்மையிற் கிடைத்தது. 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரன், தம்பியரையும் அவர்தம் மனைவியரையும் தன் சொல்லுக்குள் அடக்கி வைத்து, படித்து வந்த பெண்கள் வெளியே சென்று உழைப்பதைக் குடும்ப மானத்துக்கு இழுக்கெனக் கருதும் மூத்தவன். அப்பாத்திரத்தை ஏற்ற ஜி. மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் நாள், அத்தொடருக்கே குரல்பதிவு செய்துகொண்டிருந்த வேளையில் மாரடைப்புற்று, அன்றே இறந்தார். முதல்நாள் மாலை வரை குணசேகரனைச் சபித்த வீடுகள் மறுநாள் மாரிமுத்துவுக்காகத் துயருற்றன. பின்னர் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அவ்விடத்துக்கு வந்தபோது, இவர் அவராகார் என்ற குறை பரவலாக எழுந்தது. வெறுப்பு பாத்திரத்துக்கு உரியது. துயரம் மனிதருக்கு உரியது. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில், ஒரே முகத்தின்மேல், ஒன்றையொன்று கலக்காது நின்றன. நன்றாக வெறுக்கச் செய்தவர்பால் ஒருவகை நன்றியும் அத்துயரில் இருந்தது என்று கருத இடமுண்டு. இத்தகைய நுண்ணிய பகுப்பைத் தன்னியல்பாகச் செய்யும் பார்வையாளரை அறியாதவர் எனல் முறையன்று.

மயக்கம் இல்லையெனின் கண்ணீர் எங்ஙனம் வருகின்றது என்ற வினா மேலும் கூர்மையடைகின்றது. மேலைத்தேய மெய்யியலில் இது பழைய வினா. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்த புனித அகஸ்தீனார், இளமையில் அரங்குகளிற் பிறர் துயரைக் கண்டு தாம் இன்புற்றதை வியப்போடும் வெட்கத்தோடும் நினைவுகூர்ந்தார். தான் அனுபவிக்க விரும்பாத துன்பத்தைக் காண மனிதன் ஏன் விரும்புகின்றான் என்பது அவர் வினா. 1975இல் ஆங்கில மெய்யியலாளர் கொலின் றட்போர்ட், அன்னா கரேனினாவின் கதிக்காக மனம் நெகிழ்தல் மனித இயல்பேயாயினும் தருக்க முறையில் முரண்பட்டது என்று வாதிட்டார். ஒருவர் துன்புறுகின்றார் என நம்பினாலன்றி அவருக்காக இரங்க இயலாது. கதைமாந்தர் இலர் என்பது தெரியும். ஆகவே அவ்விரக்கம் பொருத்தமற்றது என்பது அவர் வாதத்தின் சாரம்.

றட்போர்டின் தருக்கத்தில் ஒரு படி விடுபட்டுள்ளது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் களங்களை நான்காக வகுக்கும்: பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தளர்தல், வறுமையுறுதல். இவை தன்பால் தோன்றினும் பிறர்பால் தோன்றினும் அழுகையே என்பது உரையாளர் கொள்கை. இங்கு அழுகைக்குக் களமாகச் சொல்லப்படுவது இன்ன பெயருடைய ஆள் அன்று. இழவு என்ற நிலை, இளிவு என்ற நிலை. 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைக் கரையேற்றிய சிதம்பரம் என்ற தகப்பன் இல்லாதவர்தாம். ஆயினும் பெண்ணைக் கொடுத்த வீட்டு வாசலில் தகப்பன் தலைகுனிந்து நிற்றல் என்ற நிலை இல்லாத ஒன்றன்று. சிலாபத்திலும் முந்தலிலும் அது உண்டு. தொடரைப் பார்த்து அழுபவர் அந்நிலைக்காக அழுகின்றார். கற்பனைத் தகப்பன் அந்நிலையைச் சுட்டும் விரல் மட்டுமே. இந்த அளவில் அக்கண்ணீர் பொய்யானதும் அன்று, பொருத்தமற்றதும் அன்று.

வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் வேறொரு குற்றச்சாட்டை முன்வைத்தார். அரங்கினுள்ளே கதைமாந்தருக்காக உருகி அழும் ருஷ்யச் சீமாட்டியின் வண்டிக்காரன், வெளியே வண்டியின்மேல் அமர்ந்தபடி குளிரில் உறைந்து இறந்துகொண்டிருக்கின்றான். செயலாக மாறாத உணர்ச்சி பழக்கமாகிவிட்டால் நெஞ்சு பாழாகும் என்பது அவர் எச்சரிக்கை. நாடகம் பார்த்து எழுந்த உணர்ச்சியை ஏதேனுமொரு சிறு செயலிலாவது, வண்டியில் இருக்கையைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதிலாவது, வெளிப்படுத்திவிட வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். பஸ் வண்டிகளில் முதியோர் நின்றுகொண்டே பயணம் செய்யும் நாட்டில் இவ்வறிவுரை இன்னும் பழையதாகிவிடவில்லை. ஆயினும் சீமாட்டியின் உவமை கரையோரப் பெண்ணுக்கு அவ்வளவு பொருந்தாது. அவளுக்கு வண்டியும் இல்லை, வண்டிக்காரனும் இல்லை. பல வேளைகளில் குளிரில் நிற்பவள் அவளே. அவள் கண்ணீர் அயலாரின் துயரை மறக்கச் செய்கின்றது என்பதைவிட, தன் வீட்டில் சொல்லமுடியாதிருந்ததைச் சொல்லவைக்கின்றது என்பதே உண்மைக்கு அணித்து. மறுநாட் காலை கிணற்றடியிலும் கரைவலை இழுக்கும் இடத்தருகிலும், நேற்றைய அங்கத்தில் அந்த மாமியார் சொன்ன சொல் சரியா என்ற விவாதம் எழும்போது, பேசப்படுவது எந்த மாமியார் என்பது கூடியிருப்போர் அனைவர்க்கும் விளங்கும். எவரும் பெயர் சொல்லார். தன் கணவனின் தாயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல உரிமையில்லாத மருமகள், 'மெட்டி ஒலி' ராஜத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். ஒரு சமூகத்தில் இத்தகைய மறைவான நாவுக்கு உள்ள பயன் சிறிதன்று.

அவ்வாறாயின் தொடர்நாடகத்தின்மேல் அறநோக்கில் கூறத்தக்க குறை யாதும் இல்லையா? உண்டு. ஆயின் அது கண்ணீரில் இல்லை, தீர்ப்பில் உள்ளது.

தொடர்நாடகத்தின் மிகவும் வழக்கமான காட்சியொன்றை எடுத்துக்கொள்ளலாம். வீட்டார் உறங்கியபின் கதவைச் சாத்திக்கொண்டு இருவர் மெல்லிய குரலிற் பேசுகின்றனர். நஞ்சு கலப்பதோ, பத்திரத்தில் கையொப்பம் பெறுவதோ, ஒரு பெண்மீது பழி சுமத்துவதோ அங்குத் திட்டமிடப்படுகின்றது. வீட்டில் உள்ள எவருக்கும் தெரியாத அவ்விரகசியம் பார்வையாளருக்கு மட்டும் தெரியும். மறுநாள் பழி சுமத்தப்பட்ட பெண் நடுவீட்டில் நின்று தான் குற்றமற்றவள் என்று கதறும்போது, அவளை ஐயுறும் உறவினர் பார்வையாளர் கண்ணுக்கு மூடராகவோ கொடியவராகவோ தோன்றுகின்றனர். அவர்கள் அறிய வழியில்லாததை அறியாதிருக்கின்றனர் என்ற எளிய நியாயம் மறக்கப்படுகின்றது. பார்வையாளர் அமர்ந்திருப்பது நீதிபதியின் இருக்கையுமன்று, அதனினும் உயர்ந்தது. சாட்சி விசாரணை தேவையில்லாத, எல்லாம் அறிந்த இருக்கை அது. எந்த நாட்டு நீதிமன்றத்திலும் எவருக்கும் கிட்டாத உறுதியுடன் அங்கே இவள் நல்லவள், இவன் தீயவன் என்று முடிவு செய்யலாம். ஆயிரத்தைந்நூறு அங்கங்களுக்கு மேல் ஓடிய 'கோலங்கள்' தொடரில் அபியின் பக்கம் நியாயம் என்பதற்கும் ஆதியின் பக்கம் அநியாயம் என்பதற்கும் ஆறாண்டுக் காலம் மேன்முறையீடே இருக்கவில்லை.

தீர்ப்பு இவ்வாறு தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதனாலேதான் கதை முடியாது நீள இயலுகின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, நாட்டின் பெரிய நிலக்கரி மின்னிலையமான நுரைச்சோலையைத் தன்னகத்தே கொண்ட இக்கரையோரமும் இருளில் மூழ்கியது. அத்தகைய இருளில் இரு வாரத்து அங்கங்களைத் தவறவிட்டவரும் மூன்றாம் வாரத்தில் எந்த மாலையிலும் தொடருக்குள் நுழைந்துவிடலாம். நல்லவள் இன்னும் அழுதுகொண்டிருப்பாள். தீயவன் இன்னும் திட்டமிட்டுக்கொண்டிருப்பான்.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது இதே கரையில் உள்ளது. உடப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆடி மாதத்தையொட்டி நிகழும் விழாவில் பாரதக் கதையின் கட்டங்கள் சடங்குகளாக இடம்பெறும். தீமிதிப்புடன் விழா உச்சமடையும். அங்குக் கூடுவோருள் கதையின் முடிவை அறியாதவர் ஒருவரும் இலர். அடுத்து யாது நிகழும் என்ற ஆவல் அவர்களை அழைத்து வருவதில்லை. ஆயின் கதை முடிந்துவிட்ட அந்த இடத்திலேதான் தீர்ப்பு முடியாதிருக்கின்றது. தன்னையே தோற்றுவிட்டவனுக்குத் தன் மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை உண்டா என்று சபை நடுவே திரௌபதை கேட்ட வினாவுக்கு வீடுமன் விடை கூறவில்லை. அறம் நுண்ணியது என்று தடுமாறினான். அவையில் அவளுக்காக வாய் திறந்தவருள் விகர்ணன் துரியோதனனின் சொந்தத் தம்பி. அவ்விகர்ணன் பின்னர்ப் போர்க்களத்தில் வீமன் கையாலேயே மடிகின்றான். கொன்ற வீமனே அவனுக்காக வருந்துகின்றான். பாண்டவர் பக்கம் நின்று பார்ப்பவர்க்கு இவ்விடம் தொண்டையில் முள்ளாக நிற்கும். கன்னனுக்காக அழாது பாரதம் கேட்பவர் எவரேனும் உண்டோ? அவன் தோற்க வேண்டியவன் என்பதும் தெரியும். தோற்கும்போது கண்ணீரும் வரும்.

பாரதத்தில் கதை மூடியது, தீர்ப்புத் திறந்தது. தொடரில் தீர்ப்பு மூடியது, கதை திறந்தது. இவ்வேறுபாட்டைப் பழைமைக்கும் புதுமைக்கும் இடையிலான வேறுபாடாகக் கொள்ளுதல் தவறாகும். பாரதத்தையே நாள்தோறும் அரைமணி நேரமாக அறுத்து, துரியோதனன் வரும்போதெல்லாம் இடியொலி சேர்த்தால் அதுவும் சதியாலோசனைத் தொடராகிவிடும். மறுதலையாக, மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் எழும் பிணக்கை எவர் பக்கமும் இரகசியக் காட்சி காட்டாது சொல்ல முடியாதென்பதில்லை. குணசேகரன் பாத்திரத்தை மாரிமுத்து ஏற்றிருந்தபோது சில மாலைகளில் இது நிகழவே செய்தது. தான் பிடித்துவைத்திருக்கும் உலகம் கைநழுவுகின்றது என்று அறிந்த முதியவனின் அச்சம் அந்த அதட்டலுக்கு அடியில் தெரிந்தது. திட்டிக்கொண்டிருந்த பார்வையாளர் ஒரு கணம் நிறுத்தினர். அவருடைய மறைவுக்காக இத்தனை பேர் வருந்தியமைக்கு அக்கணங்களும் ஒரு காரணமாகலாம்.

எல்லாம் அறிந்த இருக்கையில் அமர்ந்து பழகுதல் வாழ்வில் என்ன செய்யும் என்பதே எஞ்சும் வினா. அயல்வீட்டின் சாத்திய கதவுக்குள் பேசப்படுவது எவருக்கும் தெரியாது. அங்கே ஒளிப்படக்கருவி இல்லை. ஆயினும் மனிதர் அக்காட்சியைத் தாமே படைத்துக்கொள்கின்றனர். தொலைக்காட்சி வருவதற்கு முன்பும் படைத்தனர். தொடர்நாடகம் அப்பழைய வழக்கத்தைக் கண்டுபிடிக்கவில்லை, நாள்தோறும் அதற்கு உணவிடுகின்றது.

இக்கரையோரத்தின் அண்மைக்கால வரலாற்றில் இதனை உரைத்துப் பார்க்க ஓர் இடமுண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் அவர்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அதற்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. மன்னாரிலிருந்து பலர் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். வெளியேற்றப்பட்டோருள் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வீடுகளும் திறக்கப்பட்டன. தென்னந்தோட்டங்களிற் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. ஈரத்துணியோடு கரையில் நின்றவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள், அவர்கள் யார், எத்தகையவர், இதற்கு முன் யாது செய்தவர் என்று அறிந்தா உணவிட்டனர்? அறியாமலேயே உணவிட்டனர். ஜேம்ஸ் கேட்ட செயல் அதுவே. இழவு என்ற நிலையைக் கண்டு பிறந்த இரக்கத்துக்கு எந்த முன்காட்சியும் தேவைப்படவில்லை.

ஆண்டுகள் சென்றன. தண்ணீரும் நிலமும் பாடசாலை இடங்களும் நாட்கூலியும் பங்கிடப்பட வேண்டியிருந்தன. வந்தவர் குறைந்த கூலிக்கு உழைப்பதால் இருந்தவர் வேலை இழந்தனர் என்றும், வந்தவர்க்கே நிவாரணம் செல்கின்றது என்றும் ஒருபுறம் முறைப்பாடு. தம்மை என்றும் அந்நியராகவே நடத்துகின்றனர் என்று மறுபுறம் முறைப்பாடு. இவற்றுள் உண்மை இல்லாமல் இல்லை. வறிய மாவட்டமொன்று தன் தாங்குதிறனுக்கு மேற்பட்ட சுமையை ஏற்றதன் விளைவு அது. ஆயின் முறைப்பாடு வேறு, சதி என்ற எண்ணம் வேறு. கூலி குறைந்தது என்பது கணக்கிட்டுப் பேசக்கூடிய செய்தி. திட்டமிட்டே செய்கின்றனர் என்பதோ சாத்திய கதவுக்குப் பின்னால் நிகழ்ந்ததாகத் தானே வரைந்துகொண்ட காட்சி. முதலாவதைக் குறித்து இரு சாராரும் ஒரு பாயில் அமர்ந்து பேச முடியும். இரண்டாவது எழுந்தபின் பேச எதுவும் இருப்பதில்லை, தீர்ப்பு முன்னமே எழுதப்பட்டிருக்கும்.

பெயரும் அவ்வாறே ஒட்டிக்கொண்டது. 'அகதி' என்பது 1990இல் ஓர் இரவின் நிலையைக் குறித்த சொல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், புத்தளத்திற் பிறந்து, புத்தளத்துப் பாடசாலையிற் படித்து, புத்தளத்திலேயே மணமுடித்துப் பிள்ளை பெற்ற தலைமுறையினரும் அப்பெயராற் சுட்டப்படுவதுண்டு. முதல் அங்கத்தில் இட்ட பெயர் இறுதிவரை மாறாத தொடர்ப் பாத்திரத்தின் கதியே அவர்களுடையதும். அவ்வாறு சுட்டப்படுபவர் வீட்டிலும், வேலிக்கு அப்பால் சுட்டுபவர் வீட்டிலும், பொழுதுபட்டபின் பெரும்பாலும் ஒரே தொடர்தான் ஓடுகின்றது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு மழையில் நிற்கும் ஒரே மருமகளுக்காக இரு வீட்டாரும் கண்களைத் துடைத்துக்கொள்கின்றனர்.